மூன்றாவது ஓலை

காஞ்சிரங்குளம் கோயிலில், ஜினுவுக்கும் பாறசாலை ஜேனட்டுக்குமான திருமண அறிவிப்பு ஓலையைப் பாதிரியார் மூன்றாவது ஞாயிறாக வாசித்தார்.

“இதுதான் கடைசி ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்.”

“தடை உண்டு, ஃபாதர்!”

பின்வரிசையில் முக்காடிட்ட ஒருத்தி எழுந்து நின்றாள். கோயிலே திரும்பிப் பார்த்தது.

“என்ன தடை?”

“பெண்ணு திருவனந்தபுரத்தில புற்றுநோய் மருந்துக்கு ஆராய்ச்சி செய்யுதா. எலியும் ரத்தமுமாத்தான் அவளுக்க நாள் போகுது. டாக்டர் பட்டம் வாங்காம விடமாட்டா.”

முன்வரிசையிலிருந்து ஜினுவின் அம்மா சீறினாள். “கல்யாணத்தோட அதையெல்லாம் விட்டிடுவாண்ணு அவளுக்க அப்பன் வாக்குத் தந்தாச்சு!”

“அப்பன்தானே தந்தாரு? அவகிட்ட யாரு கேட்டா?”

“அதைச் சொல்ல நீ யாருட்டி?”

அவள் முக்காட்டை விலக்கினாள்.

“ஓலையில வாசிச்ச ஜேனட் நானாக்கும்.”