ஆறரை மணிக் குரல்

தயாபரன் தினமும் காலை ஆறரைக்கு, இரு பக்கமும் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோப் பெட்டியில் பேசிவந்த பெண்ணை அவர் மனைவி வசுந்தரா பார்த்ததே இல்லை. பெயர் பூங்கோதை, ஊர் கொடைக்கானல், அவ்வளவுதான் தெரியும். கணவருக்கு நெஞ்சுவலி வந்துபோவதை அந்தக் குரல் விசாரித்தபோதுதான் மனைவிக்கே தெரிந்தது. அந்த அலைவரிசையில் மிஞ்சியிருந்தவர்கள் தயாபரனும் பூங்கோதையும்தான். அதனால் அவர் இறந்து ஒரு மாதமாகியும் பூங்கோதைக்குச் சொல்ல ஆளில்லை. வசுந்தராவும் சொல்லவில்லை. ஆறரைக்குப் பெட்டியைப் போட்டு, பூங்கோதை அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏமாறுவதைக் கேட்டபடி காபி குடிப்பாள். முதலில் அது இனித்தது. அப்புறம்தான் உறைத்தது, பூங்கோதைக்கு மட்டும் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

இதற்கிடையில் அரசுக் கடிதம் வந்தது. அந்த அலைவரிசையைப் புதிய செல்போன் நெட்வொர்க்குகளுக்கு ஒதுக்கியாயிற்று, பொழுதுபோக்காகப் பேசுகிறவர்கள் மாத முடிவுக்குள் காலிசெய்ய வேண்டும். கடைசி நாளும் பூங்கோதை வந்தாள்.

“தயா சார், இன்னையோட இந்த இடம் நமக்கில்ல. நாளைக்கு உங்கள எங்க தேடுவேன்? வீட்ல யாராவது இருந்தா சொல்லுங்களேன். ஓவர்.”

வசுந்தரா முதல்முறையாக மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். “அவர் சம்சாரம் பேசறேன்.” அவர் இறந்ததைச் சொல்லத்தான் மைக்கை எடுத்திருந்தாள். “அவரு குளிக்கறாரும்மா. வந்ததும் சாப்பாடு போடணும். பேசவெல்லாம் நேரமிருக்காது.”

பொத்தானிலிருந்து விரலை எடுத்தால்தான் எதிர்க்குரல் வரும். அவள் எடுக்கவில்லை. அழுத்தியபடியே, இட்லிக்கு அவர் என்ன தொட்டுக்கொள்வார் என்று சொல்ல ஆரம்பித்தாள்.