பதினாலாவது நிமிடம்

"அவங்க கோச்சுக்கு எட்டு. நம்ம ஆளுக்கு மூணு."

நெவியோ பேப்பரை என் காபிக்கடைக் கவுண்டரில் விரித்துப் போட்டான். மீன் விற்கிறவன். சிவப்பு அணிக்காகவே ரத்தக்கொதிப்பு வாங்கிக்கொண்டவன்.

எங்கள் ஊரில் இரண்டு கால்பந்து அணிகள். நேற்று நீலம் மூன்று கோல், சிவப்பு பூஜ்யம். மறுநாள் பேப்பரில் ஆடினவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் வரும். அதைப் பார்க்காமல் இங்கே யாருக்கும் காபி இறங்காது.

மார்க் போடுகிற ஒத்தாவியோவே பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"ஏம்ப்பா, கம்மியா போட்டுட்டேனா?"

"மூணே ஜாஸ்தி சார். நீலத்தோட கோச் ஆட்டத்தையே படிச்சு வெச்சிருக்காரு. நம்ம கொர்ராதோவுக்குக் கடிகாரம் பாக்கக்கூடத் தெரியல. பதினாலாவது நிமிஷத்துல எவனாவது டிஃபெண்டர் தாஸ்ஸியை வெளியே எடுப்பானா?"

"அதுவும் கையில வேற டிஃபெண்டர் இல்லாதப்ப," என்றார் ஒத்தாவியோ. "நடுவுல ஆடுறவனைக் கொண்டுபோய்ப் பின்னாடி நிறுத்தினாரு. அந்த கோச் அதைப் பாத்த உடனே பந்தையெல்லாம் அந்தப் பக்கமே அனுப்பச் சொல்லிட்டாரு. கோச்சுன்னா அவரு."

நானும் சிவப்புதான்.

அந்த நேரம் பார்த்து கொர்ராதோ உள்ளே வந்தார். பதினொரு மணிக்கு கிளப் தலைவர் அவரைக் கூப்பிட்டிருந்தார். வேலை போகப்போகிறது என்று ஊருக்கே தெரியும்.

"ஒரு காபி," என்றார் என்னிடம்.

நெவியோவால் சும்மா இருக்க முடியவில்லை. "மிஸ்டர்," என்றான். பயிற்சியாளரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், திட்டும்போதும். "தாஸ்ஸி ரெண்டு தப்பு பண்ணினான், சரி. ஒரு கோல் போச்சு, அதுவும் சரி. இடைவேளை வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?"

"பொறுத்திருக்கலாம்."

"அவனை எடுத்ததுக்கப்புறம்தானே மத்த ரெண்டு கோலும்?"

"ஆமா. என்னாலதான்."

ஒத்தாவியோ கோப்பையைக் கீழே வைத்தார். "அவனுக்கு அடிகிடி பட்டிருந்ததா? காரணம் இருந்தா சொல்லுங்க மிஸ்டர், எழுதறேன். தலைவரும் நம்ம பேப்பர்தான் படிக்கிறாரு."

"எழுதாதீங்க." கொர்ராதோ கொஞ்சம் யோசித்தார். "பதினஞ்சு நிமிஷம்கூட ஆடாதவனுக்கு உங்க பேப்பர்ல மார்க் கிடையாது, இல்லையா?"

"கிடையாது. பேருக்கு நேரா ஒரு கோடுதான்."

"போன வருஷம் இதே நீலத்தோட ஆடினப்ப தாஸ்ஸிக்கு மூணு போட்டீங்க."

"மோசமா ஆடினான்."

"மோசம்தான். உங்களைத் தப்பு சொல்லல. அவன் பொண்ணுக்கு எட்டு வயசு. அன்னையிலேருந்து கிளாஸ்ல அவ பேரே 'மூணு'. டீச்சரைத் தவிர யாரும் அவளைப் பேரு சொல்லிக் கூப்பிடல. ரெண்டு மாசமா பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு அழறா."

நெவியோ குனிந்து பேப்பரை மடித்தான். அவன் மகனும் அதே வகுப்பு. எனக்கு கொர்ராதோவின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"அதுக்காகவா வேலையைத் தொலைச்சீங்க?" ஒத்தாவியோவின் குரல் இறங்கிவிட்டது.

"நேத்து ஆட்டத்துக்கு நீங்க யாருக்காவது மூணு போட்டுத்தானே சார் ஆகணும்?"

கொர்ராதோ மிச்சக் காபியைக் குடித்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் பள்ளிக்கூடம் போற பிள்ளை இல்ல."