பச்சை விளிம்பு

ஈரல் கட்டியில் கணவனைப் பறிகொடுத்த பூவாயி, வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாத நாளில், சுடுகாட்டில் பால் தெளிப்பு முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவரைக் கொன்ற கிருமியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆய்வகத்து வாசலில் நின்றாள். அங்கே வேலை பார்க்கும் சுகந்தியால் மறுக்க முடியவில்லை. அவர் சாவதற்கு முன்பு கட்டியிலிருந்து எடுத்த சீழில் வளர்ந்த அமீபாக்களை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினாள். கருப்புக்குள் அவை மெல்ல ஊர்ந்தன. ஒவ்வொன்றின் விளிம்பும் பச்சையாக ஒளிர்ந்தது.

"ஏங் கண்ணு, அந்தப் பச்சை என்னது?"

சாயம் என்று சொல்லி முடித்திருக்கலாம். சுகந்திக்கு மனம் வரவில்லை.

"உசுரோட இருக்கற செல்லைத்தாங்கம்மா இது கடிக்கும். கடிச்ச துண்டை உள்ள கொண்டுபோயி, அதுல இருக்கற புரதத்தைத் திரும்ப வெளிய கொண்டாந்து தன் மேல போத்திக்கும். உடம்பும் நம்ம ஆளுதான்னு நம்பி விட்டுரும். சாயம் போட்டா அந்தப் புரதந்தான் பச்சையா தெரியுது."

"அப்ப அது அவரோடதா?"

ஆமென்று சுகந்தி தலையசைத்தாள். பூவாயி வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. நேற்று இதைவிடப் பிரகாசமாக இருந்ததை, அது மங்கிக்கொண்டே வருவதைச் சுகந்தி அவளிடம் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் அவை வளரும் குழாயை நீராவிக் கலனில் போட்டு எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்பதை மட்டும் சொன்னாள். பூவாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"சித்த பொறு கண்ணு. அவருக்குக் கொள்ளி வெச்சது எங்க கொழுந்தனாரு. கீழதான் நிக்கறாரு, கூட்டியாறேன்."