நல்லாக் காய்ந்த மரம்

அமெரிக்காவின் வெர்மாண்டில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. விறகும் விற்று, மரச்சட்ட வீடும் கட்டித் தரும் ஆன்செலுக்கு ஹாஸ்கெல்லிடமிருந்து போன்.

“என்னய்யா விறகு அனுப்பியிருக்க? ஒரே ஈரம்! டிரெய்லர் வீடு பூரா புகை. நாளைக்குக் காய்ஞ்ச மரம் வரலன்னா உன் மானத்தை வாங்கிருவேன்!”

வெளியூர் வேலையில் இருந்த ஆன்செல், புதிதாக வேலைக்குச் சேர்ந்த மச்சினன் கிளைடைப் போனில் கூப்பிட்டான்.

“கொட்டகைக்குப் பின்னால தார்ப்பாய்க்குக் கீழ காய்ஞ்ச மரம் இருக்கு. ஹாஸ்கெல்லுக்குக் கொண்டு போ.”

“பெரிய பெரிய கட்டையா இருக்கே மாமா?”

“அறுத்துப் பிளந்து ஏத்து! இதைக்கூடச் சொல்லணுமா?”

ஊர் திரும்பி ஆன்செல் லாரியை விட்டு இறங்கும்போதே ஹாஸ்கெல் அழைத்தார். குரலில் தேன் வழிந்தது.

“அடேயப்பா, என்னா மரம்! ஒரு துண்டு போட்டா விடிய விடியக் கணகணன்னு இருக்கு. வழவழன்னு இழைச்ச ஓக் மரத்தையாய்யா விறகா விப்பாங்க?”

ஆன்செல் போனும் கையுமாகக் கொட்டகைக்குப் பின்னால் ஓடினான். விறகுக் குவியல் தார்ப்பாய்க்குக் கீழே அப்படியே இருந்தது. பக்கத்தில், இன்னொரு தார்ப்பாய்க்குக் கீழே வருஷக்கணக்கில் காயவைத்து இழைத்து வைத்திருந்த தூண்களையும் உத்தரங்களையும் காணோம்.

ஹாஸ்கெல் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

“சரி, எத்தனை நாளைக்குத்தான் நாங்க இந்த டிரெய்லர்ல கிடக்கிறது? பனி விட்டதும் என் வீட்டை நிறுத்தித் தரேன்னியே, மரமெல்லாம் ரெடியா?”

ஆன்செல் காலித் தார்ப்பாயை மடித்து வைத்தான்.

“ரெடியாத்தான் இருந்துச்சு சார்... நீங்க இப்பக் குளிர் காயறது அதுலதான்.”