வீட்டோடு மாப்பிள்ளைகள்

காலை வெயில் ஆய்வகத்து ஜன்னல் வழியாக மைக்ராஸ்கோப்பின் மேல் சாய்கிறது. என் மனைவியின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் போய் ஒரு மாதம் ஆகிறது. கண்ணாடித் தட்டின் இளஞ்சிவப்பு நீரில் நூல் போன்ற புழுக்கள் நெளிகின்றன, யானைக்கால் நோயைத் தருபவை. "வீட்டோட மாப்பிள்ளைங்க" என்பாள் அவள். உடம்புக்குள் குடியேறி, அதன் சர்க்கரையைத் தின்றுகொண்டே, எதிர்ப்புச் சக்தியைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்துவிடுமாம். அந்தச் சர்க்கரை அவற்றுக்குச் செரிக்காமல் செய்யும் மருந்தைத்தான் அவள் தேடினாள். அவளுடைய எதிர்ப்புச் சக்தியோ தூங்கவே இல்லை. அவள் சிறுநீரகங்களையே எதிரி என்று எண்ணி அழித்தது. "அந்தப் புழுங்ககிட்ட கொஞ்சம் தாலாட்டு கத்துக்கணுங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சிரித்தாள்.

"அண்ணா, அக்கா கடைசியா செஞ்ச மருந்து இது. நீங்கதான் முதல்ல பாக்கணும்" என்று அவளோடு வேலை செய்த பெண் ஒரு சொட்டு விடுகிறாள். குனிகிறேன். கண் வைக்கும் குழாய்கள் இரண்டும் அவள் கண்களுக்கேற்ப நெருங்கி நிற்கின்றன. எனக்கு ஒரு பக்கம் இருட்டு.

"அகலமா தள்ளிக்கலாம் அண்ணா."

"வேண்டாம்மா, இருக்கட்டும்."

ஒற்றைக் கண்ணால் பார்க்கிறேன். நெளிவு மெல்லத் தளர்கிறது. ஒவ்வொன்றாக நீண்டு கிடக்கின்றன.

"நின்னுடுச்சா அண்ணா?" என்கிறாள் அந்தப் பெண்.

எல்லாம் நின்றுவிட்டன. முதலில் சொல்ல வேண்டியவளைத் தேடி என் தலை தானாகப் பின்னால் திரும்புகிறது.