கைப்பிடிச் சுவர்

"கீழ அத்தனை பூச்சு வேலை கிடக்கு. இந்தச் சுவரை இப்ப யாரு கட்டச் சொன்னது?"

மொட்டை மாடி விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த கொத்தனார் திரும்பிப் பார்க்கவில்லை. செங்கல்லை வைத்து, கரண்டியின் பிடியால் தட்டி, பிதுங்கிய கலவையை வழித்தார்.

"உன்னைத்தான் கேக்கறேன்!" கான்ட்ராக்டர் அதட்டினார்.

"சாப்பாட்டு நேரத்துலதான் கட்டறேன், முதலாளி. வேலை நேரத்தைத் தொடலை."

கைப்பிடிச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது தெருப் பக்கம். சாரக்காரர் விழுந்து செத்த பக்கம்.

சாரம் கட்டும் அந்த மனிதர் கொத்தனாரின் தங்கை புருஷன். அன்றைக்கு மழை அப்போதுதான் விட்டிருந்தது. "கழியெல்லாம் வழுக்குது முதலாளி, கொஞ்சம் காயட்டும்" என்று கொத்தனார் கெஞ்சாத குறையாகச் சொன்னார். "பயத்தையெல்லாம் வீட்டுல வெச்சுட்டு வாங்கய்யா" என்று மச்சானை மேலே ஏற்றியவர் கான்ட்ராக்டர்தான்.

விசாரிக்க வந்தவர்களிடம் அவர் வேறு சொன்னார். "வேணாம்னுதான் சொன்னேன். அவனா ஏறிட்டான்."

பக்கத்தில் நின்றிருந்த கொத்தனார் வாயைத் திறக்கவில்லை. ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அதன் பிறகு கான்ட்ராக்டரால் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாத முகத்தை அதட்டுவது சுலபமாக இருந்தது.

சாரக்காரர் வீடு இருக்கும் தெருவையும் அவர் விட்டுவிட்டார். சுற்றுவழியில்தான் போக்குவரத்து. மத்தியானத்தில் கொஞ்ச நேரம் அந்த விளிம்பில் தனியாக நிற்கலாம் என்று மாடிக்கு வந்தால், பின்னாலேயே கரண்டியும் சட்டியுமாகக் கொத்தனார் வந்துவிடுகிறார். கொஞ்ச நாளாக இதே கதை.

வாட்ச்மேன் மாடிப்படியில் தலையை நீட்டினார். "முதலாளி, ஆதரவு மையத்துலேர்ந்து ஒரு அம்மா வந்திருக்காங்க."

கட்டட வேலையில் இருப்பவர்களின் மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கும் மையம் அது. கேள்விப்பட்டிருக்கிறார்.

"அவங்களை யாரு கூப்பிட்டது?"

கொத்தனார் எழுந்து கையை உதறினார். "நான்தான் முதலாளி."

கான்ட்ராக்டர் பயந்துகொண்டிருந்த நாள் வந்துவிட்டது. இத்தனை நாள் அடக்கிவைத்ததை இன்றைக்கு அவிழ்த்துக் கொட்டப் போகிறான். அவன் சொல்வது எடுபடக் கூடாது என்ற ஒரே நினைப்பில் படி இறங்கினார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நடுவில் போய் நின்று குரலை உயர்த்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா. மச்சான் போனதுலேர்ந்து இவனுக்கு மூளை குழம்பிப்போச்சு. வெறும் மாடியில உக்காந்து சுவரு கட்டறான். இனிமே இவன் என்ன உளறினாலும் யாரும் பெருசா எடுத்துக்காதீங்க!"

நாலு பேராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சித்தாள் ஒருத்தி பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடினாள். கம்பி கட்டுகிறவர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கொத்தனார் மட்டும் தொட்டித் தண்ணீரில் நிதானமாகக் கை கழுவிக்கொண்டிருந்தார், யாரையோ திட்டுகிறார்கள் என்பது போல.

சொல்லி முடித்த கணமே கான்ட்ராக்டருக்கு உடம்பு கூசியது. என்ன பிறவி நான் என்று தோன்றியது.

சிமென்ட் அறையில் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். கொத்தனார் உள்ளே போனார். வெளியே கான்ட்ராக்டர் கம்பிக் கட்டை ஆராய்வது போல நின்றார். பேச்சு காதில் விழவில்லை. ஒரு முறை கொத்தனாரின் குரல் உடைந்தது மட்டும் கேட்டது.

வெளியே வந்த கொத்தனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்களைக் கூப்பிடறாங்க முதலாளி. பார்த்துப் போங்க, வாசல்ல ஓடு உடைஞ்சு கிடக்கு."

உள்ளே நுழைந்தவர் உட்காரவில்லை.

"எல்லாத்தையும் சொல்லிட்டானா?"

"எதை சார்?"

"அதான்..." கதவைச் சாத்தினார். "அவன் சொன்னது அத்தனையும் நிஜம்மா. வேணாம்னு சொன்னது நான் இல்ல, அவன்தான். ஏறித்தான் ஆகணும்னு விரட்டினது நான். செத்தவன் மேலயே பழியைப் போட்டேன். அவன் பொண்டாட்டி முகத்துல முழிக்க முடியாம சந்து சந்தா சுத்திக்கிட்டு இருக்கேன். இப்பக்கூட, இத்தனை பேருக்கு முன்னால, இவனைப் பைத்தியக்காரன்னு சொல்லிட்டுத்தான் வர்றேன்."

சிமென்ட் மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"இதுல ஒரு வார்த்தைகூட அவர் எங்கிட்ட சொல்லலை சார்."

கான்ட்ராக்டர் கையை விலக்கி நிமிர்ந்தார். "சொல்லலையா? அப்புறம் எதுக்கு உங்களைக் கூப்பிட்டான்? தன்னால முடியலைன்னா?"

"இல்ல சார். உங்களால முடியலைன்னு."