தவளை வளர்க்கும் வயல்

"அங்கிள், நெல்லை விட்டுட்டு ஏன் தவளை வளக்கிறீங்க?" என்று பக்கத்து வீட்டுச் சிறுமி நதா ஒருநாள் கேட்டாள்.

"தவளை தானா வளரும் மகள். எனக்கு வேலை மிச்சம்" என்றார் கேதீஸ்வரன்.

ஹெந்தளையில் இருந்த பரம்பரை வயலின் உள்வரம்புகளை வெட்டி, நீரைத் தேங்கவிட்டு, நாணல் நட்டுச் சதுப்பு நிலமாக்கிய அவரைச் சோம்பேறி என்று ஊரே சிரித்தது. கிணற்று மோட்டர் பழுதென்று தெருக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்த நதாவின் உம்மா ஸைனம்புவும் விடவில்லை.

"தம்பி, ஒங்கட தவளைக் கச்சேரிக்கு டிக்கட் போடுங்களேன்!"

மூன்றாம் வருடம் ஸைனம்பு வேலிக்கு மேலால் ஒரு கிளாஸ் தண்ணீர் நீட்டினார்.

"எங்கட கிணத்துத் தண்ணி. மோட்டர் ஒருமாதிரி சரியாகிட்டு."

"மோட்டர் எண்டா அப்படித்தான் ராத்தா, திடீரெண்டு சரிவரும்" என்றபடி கேதீஸ்வரன் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

அந்த மோட்டர் ஒருநாளும் பழுதாகவில்லை. கேதீஸ்வரனின் வயல் உரம் கிணற்றில் இறங்கிவிட்டது என்று வந்த பரிசோதனை அறிக்கையை, அயலவரை நோகடிக்க மனமில்லாமல் ஸைனம்பு அலுமாரியில் ஒளித்துவிட்டார். அந்தக் கடிதம் முதலில் தவறுதலாகக் கேதீஸ்வரனின் தபால்பெட்டியில் விழுந்ததும், பெயர் பாராமல் பிரித்துப் படித்தவர் திரும்ப ஒட்டி அடுத்த வீட்டுப் பெட்டியில் போட்டதும், மறுநாளே உரத்தை நிறுத்தி நாணல் நடத் தொடங்கியதும் அவருக்கும் இறைவனுக்கும் மட்டுமே தெரியும்.